சில்லுப்பெயர்ப்பு அணுக்கரு வினைப்பரப்புகளின் கணினி மாதிரியாக்கம்: கருத்தும் கலைச்சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

உயர் ஆற்றல் புரோட்டான் ஒன்று கனமான அணுக்கருவை மோதும்போது, அக்கருவிலிருந்து பல நியூட்ரான்களும் சிறு துகள்களும் பெயர்ந்து வெளியேறுகின்றன. சில்லுப்பெயர்ப்பு எனப்படும் இவ்வினையில் எந்த விளைபொருள் எவ்வளவு தோன்றும் என்பதை வினைப்பரப்பு என்னும் அளவு குறிக்கிறது. எல்லா இலக்குகளுக்கும் எல்லா ஆற்றல்களுக்கும் இவ்வளவைச் சோதனை வழியே பெறுதல் இயலாமையின் கணினி மாதிரிகள் இன்றியமையாதனவாகின்றன. அம்மாதிரிகள் இயங்கும் முறையையும் அவற்றின் நம்பகத்தன்மை எங்கெங்கு வேறுபடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அளந்த எண், கணித்த எண், மதிப்பிட்ட எண் ஆகிய மூன்றையும் பிரித்தறியும் சொல்லாட்சி தமிழ் அறிவியல் உரைநடைக்குத் தேவை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சில்லுப்பெயர்ப்பு, வினைப்பரப்பு, உட்கரு மோதலருவி, ஆவியாதல், மாண்டி கார்லோ முறை, உறுதியின்மை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு பிறமொழிச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் எது என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. அச்சொல் குறிக்கும் கருத்து தன் துறைக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்ந்த பின்னரே சொல்லின் பொருத்தத்தை முடிவுசெய்தல் முறையாகும். இந்நோக்கில், தமிழில் இதுவரை மிகுதியாக எழுதப்பெறாத ஓர் அணுக்கரு இயற்பியல் பொருண்மை இங்கு எடுத்துக்கொள்ளப்பெறுகிறது. முதலில் வினையின் இயல்பும், அடுத்து அதன் கணினி மாதிரியாக்கமும், பின்னர் மாதிரிகள் சோதிக்கப்பெறும் முறையும், இறுதியாகக் கலைச்சொற்களும் ஆராயப்பெறுகின்றன.

1. வினையும் அதன் பெயரும்

அணுக்கருப் பிளவு, அணுக்கரு இணைவு ஆகிய இரண்டும் பள்ளிப் பாடநூல்கள் வழியே தமிழில் வேரூன்றிவிட்டன. ஸ்பாலேஷன் எனப்படும் மூன்றாவது வினைக்கு அத்தகைய நிலைபேறு வாய்க்கவில்லை. ஆங்கிலத்தில் இச்சொல் கற்பாறையிலிருந்து தெறித்து விழும் சில்லைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. இதனைச் 'சிதறல்' எனத் தமிழாக்கினால், இராமன் சிதறல், ராலே சிதறல் என ஒளியியலில் நிலைபெற்றுவிட்ட சொல்லோடு மயக்கம் நேரும். 'சிதைவு' என்றாலோ கதிரியக்கச் சிதைவு குறுக்கிடும். கல்தச்சர் உளியால் கல்லின் சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் தொழிலை நினைவூட்டும் 'சில்லுப்பெயர்ப்பு' என்னும் தொடர் இம்மயக்கங்களுக்கு இடந்தராமையின் இக்கட்டுரையில் அதுவே ஆளப்பெறுகிறது.

இவ்வினை நிகழ, மோதும் துகளுக்கு ஏறத்தாழ நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ ஆற்றல் இருத்தல் வேண்டும். யுரேனியம்-235 அணுக்கரு மெதுவான நியூட்ரானால் ஒருமுறை பிளவுறும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்களே வெளிப்படுகின்றன. 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஒரு புரோட்டான் தடித்த காரீய இலக்கினுள் பாயும்போதோ 20 அளவிலான நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. தொடர்வினையின்றியே நியூட்ரான்களைப் பெறும் இவ்வழியை இங்கிலாந்தின் ஐசிஸ், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ், ஜப்பானின் ஜே-பார்க் ஆகிய ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்துகின்றன. முடுக்கியால் இயக்கப்படும் அணு உலைகள் பற்றிய திட்டங்களும் இவ்வினையையே அடிப்படையாகக் கொண்டவை.

2. வினைப்பரப்பு என்னும் ஆகுபெயர்

ஒரு வினை நிகழும் வாய்ப்பை இயற்பியலார் பரப்பளவின் அலகால் குறிக்கின்றனர். இலக்கின் பரப்பு பெரிதாயின் எறிபொருள் படும் வாய்ப்பும் பெரிது என்னும் எளிய ஒப்புமையே இதன் அடிப்படை. இதன் அலகு பார்ன் ஆகும். ஒரு பார்ன் என்பது 10⁻²⁸ சதுர மீட்டர், அதாவது 100 சதுர ஃபெம்டோமீட்டர். 1942இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹாலோவே, பேக்கர் ஆகிய இருவர் இப்பெயரைச் சூட்டினர். ஆங்கிலத்தில் பார்ன் என்பது தானியமும் கால்நடைத் தீவனமும் வைக்கும் பெருங்கொட்டில். அணுக்கரு அளவில் அப்பரப்பு கொட்டிலைப் போன்று பெரியது என்னும் நகைச்சுவையே பெயராயிற்று. நம் இலக்கண மரபில் இதனை உவமையாகுபெயர் எனலாம்.

காரீயம்-208 அணுக்கருவின் ஆரம் தோராயமாக 7.1 ஃபெம்டோமீட்டர். இவ்வாரமுடைய வட்டத்தின் பரப்பு 158 சதுர ஃபெம்டோமீட்டர், அதாவது 1.58 பார்ன். 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான புரோட்டான்களுக்குச் சோதனையில் காணப்பெறும் மொத்த வினைப்பரப்பு 1.7 பார்னை ஒட்டியது. இங்குப் பரப்பு என்னும் ஒப்புமை பெரிதும் பொருந்துகிறது. ஆனால் 'இம்மோதலில் குறிப்பிட்ட ஓர் ஐசோடோப்பு தோன்றும் வினைப்பரப்பு 3 மில்லிபார்ன்' எனக் கூறும்போது, அந்த 3 மில்லிபார்ன் அணுக்கருவின் எந்தப் பகுதியையும் சுட்டுவதில்லை. அது முழுக்க நிகழ்தகவேயாகும். எனவே 'குறுக்குவெட்டு' என்னும் நேர்மொழிபெயர்ப்பு இங்கு வாசகரைத் திசைதிருப்புகிறது. எதையும் வெட்டிப் பார்க்காத இவ்வளவைக் குறிக்க 'வினைப்பரப்பு' என்பதே பொருந்தும்.

3. மாதிரியின் இரு கட்டங்கள்

சில்லுப்பெயர்ப்பினை இரு கட்டங்களாகக் காணும் நோக்கை 1947இல் ராபர்ட் செர்பர் முன்வைத்தார். 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானின் அலைநீளம் ஏறத்தாழ 0.7 ஃபெம்டோமீட்டர். அணுக்கருவினுள் அண்டை நியூக்ளியான்களுக்கு இடைப்பட்ட தொலைவோ 2 ஃபெம்டோமீட்டரை ஒட்டியது. ஆகவே விரைந்து வரும் புரோட்டான் அணுக்கருவை ஒரே முழுமையாக உணர்வதில்லை. தனித்தனி நியூக்ளியான்களோடு அடுத்தடுத்து மோதுகிறது. மோதப்பெற்றவை பிறவற்றை மோதுகின்றன. பாறைதோறும் தெறித்துக் கிளைக்கும் அருவியைப் போன்ற இத்தொடரே உட்கரு மோதலருவி எனப்படும் முதற்கட்டம். இது 10⁻²² நொடி என்னும் கால அளவில் முடிந்துவிடுகிறது.

அருவி ஓய்ந்தபின் எஞ்சும் கரு, கிளர்வாற்றல் மிகுந்து 'சூடேறிய' நிலையில் இருக்கும். சூடான நீர்த்துளியினின்று மூலக்கூறுகள் ஆவியாவது போல, அதிலிருந்து நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஆல்பாத் துகள்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. இதற்கான புள்ளியியல் கோட்பாட்டை விக்டர் வைஸ்காப் 1937இலேயே வகுத்திருந்தார். கனமான கருக்களில் இக்கட்டத்தில் பிளவும் போட்டியிடும். இவ்விரண்டாம் கட்டம் முதற்கட்டத்தைவிட மிக மெதுவானது. ஆகவே எஞ்சிய கரு தான் உருவான வழியை ஏறத்தாழ மறந்துவிடுகிறது. அதன் நிறை எண், மின்சுமை, கிளர்வாற்றல், கோண உந்தம் ஆகியவை தெரிந்தால் போதும். இதனாலேயே இரு கட்டங்களையும் தனித்தனி நிரல்களாக எழுதி இணைக்க முடிகிறது.

செர்பரின் நோக்கைப் பின்பற்றி 1948இல் கோல்ட்பெர்கர் மோதலருவிக் கணக்கைக் கையாலேயே செய்து பார்த்தார். 1958இல் மெட்ரோபோலிஸும் உடனாய்வாளர்களும் மேனியாக் கணினியில் அதனை நிகழ்த்தினர். டோஸ்ட்ரோவ்ஸ்கி முதலியோர் ஆவியாதல் கட்டத்தைக் கணினிக்குக் கொணர்ந்தனர். 1960களில் ஓக் ரிட்ஜில் பெர்ட்டினி உருவாக்கிய மாதிரியும், பின்னர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் குனியோன் முதலியோர் வளர்த்தெடுத்த ஐ.என்.சி.எல். மாதிரியும், ஜெர்மனியின் ஜி.எஸ்.ஐ. ஆய்வுக்கூடத்தில் ஷ்மிட் முதலியோர் உருவாக்கிய ஏப்லா என்னும் ஆவியாதல் மாதிரியும் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

4. மோதலிலிருந்து எண்ணுக்கு

மாதிரி ஓர் எண்ணைத் தரும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். கணினி முதலில் 208 நியூக்ளியான்களையும் காரீயக் கருவின் அடர்த்திப் பரவலுக்கேற்ப இடவெளியில் வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் குவாண்டம் விதி அனுமதிக்கும் வரம்புக்குள் ஓர் உந்தத்தைத் தருகிறது. பின்னர்க் கருவைவிடச் சற்றுப் பெரிய ஒரு வட்டத்தினுள் ஏதேனும் ஓரிடத்திற் படுமாறு புரோட்டானைச் செலுத்துகிறது. இவ்விடங்களெல்லாம் சமவாய்ப்பு எண்களால் தீர்மானிக்கப்பெறுகின்றன. தாயக்கட்டையை உருட்டி ஒவ்வோர் ஆட்டத்தையும் புதிதாகத் தொடங்குவதற்கு இது ஒப்பாகும். சூதாட்டக் கூடங்களுக்குப் பெயர்போன ஊரின் பெயரால் இதனை மாண்டி கார்லோ முறை என வழங்குவர்.

துகள்கள் நேர்கோட்டில் நகர்கின்றன. இரண்டு நியூக்ளியான்கள் குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்கினால் மோதல் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். இத்தொலைவு, தனித்த இரு நியூக்ளியான்களுக்கிடையே சோதனையில் அளக்கப்பெற்ற வினைப்பரப்பிலிருந்து பெறப்படுகிறது. அவ்வளவு 40 மில்லிபார்ன், அதாவது 4 சதுர ஃபெம்டோமீட்டர் எனின் தொலைவு 1.13 ஃபெம்டோமீட்டராகும். மோதலுக்குப் பின் துகள் சேர வேண்டிய நிலையில் ஏற்கெனவே வேறொரு நியூக்ளியான் இருக்குமாயின், பவுலி தவிர்க்கைத் தத்துவத்தின்படி அம்மோதல் தடுக்கப்பெறும். அருவி ஓய்ந்ததும் எஞ்சிய கரு ஆவியாதல் நிரலிடம் ஒப்படைக்கப்பெறும். இறுதியில் நிற்கும் கருவின் பெயர் பதிவாகும். இது ஒரு வரலாறு. இத்தகைய வரலாறுகள் இலட்சக்கணக்கில் நிகழ்த்தப்பெறுகின்றன.

விளக்கத்திற்காகச் சில எண்களைக் கொள்வோம். வட்டத்தின் ஆரம் 10 ஃபெம்டோமீட்டர் எனின் பரப்பு 314 சதுர ஃபெம்டோமீட்டர், அதாவது 3.14 பார்ன். 10,00,000 வரலாறுகளில் 5,50,000 வரலாறுகளில் வினை நிகழ்ந்தால் மொத்த வினைப்பரப்பு 3.14இன் 55 விழுக்காடு, அதாவது 1.73 பார்ன். அவற்றுள் ஓர் ஐசோடோப்பு 1,000 முறை தோன்றியிருந்தால் அதன் வினைப்பரப்பு 3.14 மில்லிபார்ன். எண்ணிக்கை 1,000 ஆகையால் அதன் வர்க்கமூலமாகிய 32 என்பது புள்ளியியல் உறுதியின்மையைத் தரும். இது 3 விழுக்காடு. 10 முறை மட்டுமே தோன்றிய ஐசோடோப்புக்கோ உறுதியின்மை 32 விழுக்காடாகிவிடும்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. வரலாறுகளை நூறு மடங்காக்கினால் புள்ளியியல் உறுதியின்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆயின் மாதிரியின் கருதுகோள் தவறாயிருப்பின் அத்தவறு சிறிதும் குறையாது. கணினி தவறான எண்ணை மேலும் நுட்பமாகத் தரும், அவ்வளவே. கணினி அச்சிடும் பதின்ம இலக்கங்களின் எண்ணிக்கையை உண்மையின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

5. மாதிரிகளைச் சோதித்தல்

முன்னர், உலோகத் தகட்டைப் புரோட்டான்களால் தாக்கி, பின்னர் அதிலிருந்து வரும் காமாக் கதிர்களை ஆராய்ந்து விளைபொருள்களை அறிந்தனர். இம்முறையில் கதிரியக்கமுள்ள, போதிய காலம் நிலைக்கும் ஐசோடோப்புகளே புலப்படும். ஜி.எஸ்.ஐ. ஆய்வுக்கூடத்தில் இவ்வமைப்பு தலைகீழாக மாற்றப்பெற்றது. நியூக்ளியான் ஒன்றுக்கு 1 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு காரீயக் கருக்கள் முடுக்கப்பெற்று நீர்ம ஹைட்ரஜன் மீது செலுத்தப்பெற்றன. விளைகருக்கள் முன்னோக்கி விரைந்து பறக்கும்போதே, சிதைவுறும் முன்னர், அவற்றின் நிறை எண்ணும் மின்சுமையும் அறியப்பெற்றன. இதனால் ஒரே வினையின் நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகளுக்கு வினைப்பரப்பு கிடைத்தது.

பன்னாட்டு அணுசக்தி முகமை 2008இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் தொடங்கி நடத்திய மாதிரி ஒப்பீட்டுப் பணி இத்தகைய தரவுகளைப் பயன்படுத்தியது. வெளிப்படும் நியூட்ரான்களின் பரவலைப் பெரும்பாலான நல்ல மாதிரிகள் ஓரளவு சரியாகவே தந்தன. இலக்கின் நிறைக்கு அண்மையிலுள்ள எச்சக்கருக்களும் பரவாயில்லை எனத்தக்க அளவில் அமைந்தன. இலக்கிலிருந்து நிறையில் மிக விலகிய இலேசான கருக்களிலும், டியூட்டிரான், டிரைட்டான், ஹீலியம் போன்ற கூட்டுத்துகள்களிலும் மாதிரிகளுக்கிடையே பெரும் வேறுபாடு காணப்பட்டது. எனவே 'இம்மாதிரி சரியானதா?' என்று பொதுவாக வினவுதல் பொருளற்றது. 'எந்த வினாவுக்குச் சரியானது?' என்றே வினவ வேண்டும்.

6. அஸ்டட்டைன்: ஒரு சான்று

நீர்ம நிலையிலுள்ள காரீய-பிஸ்மத் கலவை, சில்லுப்பெயர்ப்பு இலக்காகக் கருதப்பெறும் பொருள்களுள் ஒன்று. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் 2006இல் இயங்கிய மெகாபை இலக்கு இக்கலவையால் ஆனதே. பிஸ்மத்தின் அணு எண் 83. புரோட்டான் ஒன்று சேரின் 84, அதாவது பொலோனியம் கிடைக்கும். அணு எண் 85 உடைய அஸ்டட்டைன் தோன்ற வேண்டுமாயின் வேறு வழிகள் வேண்டும். புரோட்டான் மோதி எதிர்மின்சுமைப் பையான் ஒன்று வெளியேறின் 85 அமையும். அன்றி, முதல் மோதலில் வெளிப்பட்ட ஹீலியம் கரு வேறொரு பிஸ்மத் கருவைத் தாக்கினாலும் 85 அமையும்.

முதல் வழியில் நிறை எண் 210ஐத் தாண்டல் இயலாது. பிஸ்மத்தின் 209உடன் புரோட்டானின் ஒன்று சேர்ந்தால் 210 மட்டுமே. ஆகவே அஸ்டட்டைன்-211 தோன்றுமாயின் அது இரண்டாம் வழியினையே சுட்டும். செர்ன் ஆய்வுக்கூடத்தின் ஐசோல்டே பிரிவில் 1, 1.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களால் இக்கலவையைத் தாக்கியபோது வெளிவந்த அஸ்டட்டைன் ஐசோடோப்புகள் அளக்கப்பெற்றன. இவற்றை மீட்டுருவாக்க, ஹீலியம் கருக்கள் எத்தனை, எவ்வாற்றலில் வெளியேறுகின்றன என்பதை மாதிரி சரியாகத் தருதல் வேண்டும். வெளியேறும் நியூக்ளியான் கருவின் விளிம்பில் தன் அண்டையிலுள்ளவற்றைச் சேர்த்துக்கொண்டு கொத்தாக வெளியேறலாம் என்னும் கூறு ஐ.என்.சி.எல். மாதிரியிற் சேர்க்கப்பெற்ற பின்னர் அளவீட்டோடு நல்ல உடன்பாடு கிட்டியது.

அஸ்டட்டைன் எளிதில் ஆவியாகும் கதிரியக்கத் தனிமம். இலக்குக் கலன் கசிந்தால் எது காற்றிற் கலக்கும் என்னும் பாதுகாப்பு மதிப்பீட்டில் அதற்கு இடமுண்டு. ஹீலிய உமிழ்வு என்னும் 'சிறிய' கூறினைப் புறக்கணிக்கும் மாதிரி, நியூட்ரான் எண்ணிக்கையைச் சரியாகத் தந்தும் இம்மதிப்பீட்டில் தவறும்.

7. விண்கதிரும் காலக்கணிப்பும்

சில்லுப்பெயர்ப்பு ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. விண்மீன்களின் உட்பகுதியில் எளிதில் அழிந்துவிடும் லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய தனிமங்களின் தோற்றத்தில் விண்கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் கருக்களைச் சில்லுப்பெயர்ப்பதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை ரீவ்ஸ், ஃபவ்லர், ஹாயில் ஆகியோர் 1970இல் விளக்கினர். விண்கதிர்களில் போரானுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு அக்கதிர்கள் எவ்வளவு பொருளைக் கடந்து வந்துள்ளன எனக் கணக்கிடலாம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இயங்கும் ஏ.எம்.எஸ்.-02 கருவி இவ்விகிதத்தைச் சில விழுக்காடு நுட்பத்தில் அளந்துள்ளது. கணக்கிற்கு வேண்டிய பல வினைப்பரப்புகளின் உறுதியின்மையோ அதனினும் மிகுதி. இத்துறையில் நெடுங்காலமாக ஆளப்பெறும் ருட்ஸ்டாம் சூத்திரமும் (1966), சில்பர்பெர்க்–சாவோ சூத்திரமும் (1973) கிடைத்த அளவீடுகளுக்கிடையே இடைப்பொருத்திப் பெறப்பட்டவை. அளவீடுகள் உள்ள எல்லைக்குள் அவை விரைந்து பயன்தரும். எல்லைக்கு அப்பால் அவற்றை நம்புதல் அரிது.

தொல்லியல் சான்றுகளை ஆளும் தமிழாய்வாளர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. வளிமண்டலத்தில் விண்கதிர்கள் நைட்ரஜன், ஆக்சிஜன் கருக்களைச் சில்லுப்பெயர்க்கும்போது வெளிப்படும் நியூட்ரான்களை நைட்ரஜன்-14 ஏற்பதாலேயே 5,730 ஆண்டு அரைவாழ்வுக் காலமுடைய கார்பன்-14 உருவாகிறது. கீழடி அகழாய்வின் கரிமப் பகுப்பாய்வும் இவ்வினையின் விளைபொருளையே சார்ந்தது. எனினும் காலக்கணிப்புக்கு வேண்டிய அளவுத்திருத்தம் மரவளையங்கள் முதலியவற்றில் நேரடியாக அளந்து பெறப்படுகிறது. கார்பன்-14 உற்பத்தி பற்றிய கணினி மாதிரியை அது சார்ந்திருப்பதில்லை. எந்த முடிவு அளவீட்டைச் சார்ந்தது, எது மாதிரியைச் சார்ந்தது என்னும் பகுப்பு இங்கும் தேவையாகிறது.

8. அளந்தது, கணித்தது, மதிப்பிட்டது

மேற்கண்ட விளக்கத்தில் மூவகை எண்கள் இடம்பெற்றன. சோதனையில் அளந்த எண் ஒன்று. கோட்பாட்டின் அடிப்படையில் மாதிரி கணித்த எண் மற்றொன்று. அளவீடுகளையும் மாதிரிகளையும் ஒப்புநோக்கி வல்லுநர் மதிப்பிட்ட எண் மூன்றாவது. அணுக்கருத் தரவு நூலகங்களில் இடம்பெறுவன பெரும்பாலும் இம்மூன்றாம் வகையினவே.

தமிழில் 'கணிப்பு' என்னும் சொல் கணக்கீடு, ஊகம், முன்னறிவிப்பு, சோதிடம் ஆகிய அனைத்தையும் தழுவி நிற்கிறது. 'காரீயத்தின் வினைப்பரப்பு கணிக்கப்பட்டுள்ளது' என்னும் தொடரிலிருந்து மூன்றனுள் எது நிகழ்ந்தது என்பதை வாசகர் அறிய இயலாது. ஆகவே கணித்தல் என்பதை மாதிரி தரும் எண்ணுக்கு மட்டும் வரையறுத்தல் நலம். அவ்வாறே 'பிழை' என்னும் சொல்லும் இரண்டு கருத்துகளைச் சுமக்கிறது. பிழை என்பது தவறு. உறுதியின்மை என்பது அறிவின் எல்லை. ஓர் அளவீட்டின் உறுதியின்மையைப் பிழை எனக் குறித்தால், நேர்மையாகத் தன் எல்லையைச் சொல்லும் ஆய்வு தவறிழைத்த ஆய்வாகத் தோற்றமளிக்கும். மாதிரி, நிரல் ஆகிய சொற்களும் பிரித்தாளத்தக்கவை. மாதிரி என்பது இயற்பியற் கருத்து. நிரல் என்பது அதன் கணினி வடிவம். ஒரே மாதிரி பல நிரல்களில் இடம்பெறக்கூடும்.

சில்லுப்பெயர்ப்பு என்னும் சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. உளிபட்டுச் சில்லு தெறிக்கும் காட்சி முதற்கட்டத்திற்கே பொருந்தும். இரண்டாம் கட்டமாகிய ஆவியாதலை அது சுட்டுவதில்லை. மூலச்சொல்லுக்கும் இக்குறை உண்டாகையால், சொல்லை மாற்றுவதைவிட அதனை ஆளுமிடத்தில் இரு கட்டங்களையும் விளக்கிச் செல்லுதலே தக்கது.

முடிவுரை

சில்லுப்பெயர்ப்பு வினைப்பரப்பின் கணினி மாதிரி என்பது, சமவாய்ப்பு எண்களால் இலட்சக்கணக்கான மோதல் வரலாறுகளை நிகழ்த்தி, விளைபொருள்களை எண்ணி, அவ்வெண்ணிக்கையைப் பரப்பின் அலகில் தரும் முறையாகும். மோதலருவி, ஆவியாதல் ஆகிய இரு கட்டங்களும் அதன் தூண்கள். வரலாறுகளைப் பெருக்குவதால் குறைவது புள்ளியியல் உறுதியின்மை மட்டுமே. மாதிரியின் கருதுகோளைச் சோதிக்க அளவீடே வேண்டும். நியூட்ரான் எண்ணிக்கையில் வென்ற மாதிரி அஸ்டட்டைனில் தோற்கலாம் என்பதால், நம்பகத்தன்மையை வினாதோறும் தனித்தனியே ஆராய வேண்டும்.

அறிவியலைத் தமிழில் எழுதுவோர் ஓர் எண்ணைத் தரும்போது அது அளந்ததா, கணித்ததா, மதிப்பிட்டதா என்பதை வினைச்சொல்லாலேயே உணர்த்துதல் இயலும். அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. அவற்றை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வழங்காது வரையறுத்து ஆளும் மரபை உருவாக்குதல், புதுச்சொல் படைத்தலினும் முதன்மையான கலைச்சொற் பணியாகும்.